ரோலர் இருந்த இடம்

என்னால் ஓரிடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகும் எழுந்து போய், பின்வரிசைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்கிற ஜாதி நான். இப்படிப்பட்டவள் உட்கார்ந்தே போராடுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தால் வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? "உன்ற கால்ல சக்கரம் இருக்குது. நீ போய் உக்காரப் போறியாக்கும்!" என்றார்.

தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த காலம். குன்னூருக்குக் கீழே இருந்த எங்கள் எஸ்டேட்டில் பேக்டரியை மூடிவிட்டார்கள். முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிள்ள ஆளில்லாமல் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. தொழிலாளர் லைன் வீடுகளில் பாதிப்பேர் மூட்டை கட்டித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த எங்களுக்கு ஒரே நம்பிக்கை, மிஷின்கள் இன்னும் உள்ளே இருந்ததுதான். இருந்தால் என்றைக்காவது ஓடும். என் வீட்டுக்காரர் டிரையரில், அதாவது இலையைக் காயவைக்கிற மிஷினில், வேலை பார்த்தவர். அது போய்விட்டால் நாங்களும் திருப்பூர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். நான் பிறந்ததும் அதே லைனில்தான். எனக்கு வேறு ஊர் கிடையாது.

மிஷின்களைப் பழைய இரும்புக்கு விற்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தபோதுதான் கூடலூர்ப் பக்கத்திலிருந்து, மலையாளம் கலந்து பேசுகிற ஒரு சேச்சி வந்தார். அங்கே அவர்கள் கேட் முன்னால் உட்கார்ந்தே ஒரு எஸ்டேட்டைக் காப்பாற்றியிருந்தார்கள். அவர் சொன்னது மூன்றுதான். கை ஓங்கக் கூடாது, வாய் கொடுக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. "நீங்க அடிச்சா அவங்க ஜெயிச்சு. நீங்க இருந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டா" என்பார்.

பூட்டிக் கிடந்த பிள்ளைக் காப்பகத்தில் ஒத்திகை நடந்தது. கொஞ்சப் பேர் போலீஸ், மற்றவர்கள் உட்காருகிறவர்கள். போலீஸ் வேஷம் எப்போதும் எனக்குத்தான். பின்னே, உட்கார முடியாதவளை வேறு என்ன செய்வது? "எந்திரி! ஊட்ல சோறாக்க நாதியில்லாமத்தான் ரோட்டுக்கு வந்தியா?" என்று கத்துவேன். தோளைப் பிடித்து உலுக்குவேன். எங்கள் லைனிலேயே பெரிய வாயாடி ஒருத்தி, சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கண்ணீர் விடுவாளே தவிர அசைய மாட்டாள். "நெசமான போலீஸ் வந்தாக்கூட இவளுக்குப் பொறவுதான்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

லாரி வந்த அன்று நல்ல சாரல். கேட்டை மறித்து உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானோம். அவர் தொப்பியைக் கழற்றினார், கையைக் கூப்பினார்.

"ஏனுங்க அக்கா, கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு மழைல உக்காந்திருக்கீங்களே, மனசு கேக்கலீங்க. தயவுசெஞ்சு சித்தே அந்தக் கொட்டாய்க்கு வாங்க. டீ சொல்லியிருக்கேன். பேசிக்கலாமுங்க."

ஐயோ! காக்கிச் சட்டைக்காரர் எங்களிடம் 'வாங்க' என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. கைகூப்பிக் கூப்பிடுகிறவர் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பது எப்படி? யார் முதலில் எழுந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை. 'நான் இல்லை' என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும்தான் சொல்கிறேன். சீலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வரிசையாகக் கொட்டகைக்குப் போனோம். டீ நன்றாகத்தான் இருந்தது. பாதி டம்ளர் குடிப்பதற்குள் லாரி உள்ளே போய்விட்டது. கேட்டை உள்ளேயிருந்து பூட்டினார்கள். லாரி வெளியே வந்தபோது இலையை உருட்டுகிற ரோலர் ஒன்று அதன்மேல் தார்ப்பாய்க்குள் படுத்திருந்தது. போலீஸ் வரிசைக்குப் பின்னால் நின்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. யாரும் எங்களை அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. போகும்போதுகூட இன்ஸ்பெக்டர் "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கை ஓங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களா, டம்ளரைப் போட்டு உடைத்தேன்.

நடந்ததைச் சேச்சியிடம் சொன்னோம். "இப்படிக் கும்பிட்டு வரும்னு ஞங்களுக்கும் தோணியில்லா" என்றார். டிரையருக்கு லாரி எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒத்திகையை மாற்றினோம். இப்போது நான் கெஞ்ச வேண்டும். "கண்ணு, எந்திரிச்சு வாங்க, காலு மரத்துப் போயிருமுங்க" என்று குழைவேன். எத்தனை ஏசியும் அசையாதவர்கள் அதற்குப் பாதி எழுந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே கும்பிடுவது, உட்கார்ந்தபடியே 'பரவால்லீங்க' என்பது, டீயை வாங்காமல் 'நீங்க குடிங்க' என்பது, எல்லாம் பழகினோம். அப்புறம் நான் அடம் பிடித்தேன், போலீஸ் வேஷத்தை வேறு யாராவது போடட்டும், நானும் உட்கார்ந்து பழக வேண்டும் என்று. பக்கத்தில் வாயாடி என் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

அடுத்த லாரி வந்தது. அதே இன்ஸ்பெக்டர், அதே கும்பிடு. நேராக என்னிடம்தான் வந்தார். "அக்கா, பெரியவங்க நீங்க எந்திரிச்சா எல்லாரும் எந்திரிப்பாங்க. எனக்காகங்க."

காலுக்குள் எறும்பு ஊர்ந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. வாயாடியின் நகம் என் முழங்காலில் பதிந்தது. "வணக்கமுங்க. நீங்களும் உக்காருங்க, பேசலாம்" என்றேன். அவர் உட்காரவில்லை. கெஞ்சிக்கொண்டே நின்றார். கொண்டுவந்த டீயில் ஆடை படிந்தது. பனி இறங்கிக் கேட் மறைகிற வரைக்கும் இருந்தோம். லாரி வெறுமனே திரும்பிப் போனது. நான் எழுந்தேன், கால் மரத்துத் தொப்பென்று விழுந்தேன். அழுதுகொண்டே சிரித்தார்கள் எல்லோரும்.

அந்த ஒத்திகை எங்களோடு நிற்கவில்லை. கோத்தகிரி, தேவர்சோலை என்று எங்கெங்கோ போயிற்று. தேயிலைக்காக ஆரம்பித்தது, அப்புறம் தண்ணீருக்கும் ரோட்டுக்கும்கூட உட்கார்ந்தார்கள். இப்போதும் என்னை மரியாதை போலீஸாக நடிக்கக் கூப்பிடுகிறார்கள். மிஷின்கள் மிஞ்சியிருந்ததால் எங்கள் பேக்டரியைச் சிறு விவசாயிகள் குத்தகைக்கு எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் உடம்புக்கு முடிகிற காலம் வரை அதே டிரையரில் வேலை பார்த்தார். ரோலர் மட்டும் ஒன்று குறைவு. புதிதாக வாங்க முடியவில்லை, அதனால் வருகிற கொழுந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. திருப்பூர் போனவர்களில் எத்தனையோ பேரைக் கூப்பிட முடியாமல் போனதும் அதனால்தான்.

போன சீசனில் பேக்டரி வாசலில் டீத்தூள் விற்கிற கடையில் இருந்தேன். ஒருவர் மனைவியோடு வந்தார். தலை நரைத்திருந்தது, கும்பிடு அதேதான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன். திறந்திருந்த பேக்டரிக் கதவு வழியாக உள்ளே பார்த்தவர், தரையில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளைக் காட்டி, "ஏனுங்க அக்கா, அங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ரோலருங்க. நீங்க மரியாதையாக் கேட்டீங்க, குடுத்துட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மனைவி வெளியேயிருந்து, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டார். அவர் உட்கார்ந்தே இருந்தார்.