சீட்டில் இல்லாத பிள்ளைகள்

வெளிநாட்டில் டீச்சர் வேலைக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தருவாங்க?" அடுத்தது, "அங்க நம்மாளுங்க இருக்காங்களா?" அதற்கு மேல் கேள்வி கிடையாது. எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மெண்டின் லிஃப்டில் கேட்டார்கள், பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நம்பர் ஒன் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்டார்கள். நான் காலையில் வகுப்புக்குப் போய்விட்டால் என் மூன்று வயது மகன் யாரிடம் இருப்பான் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

நான் கணக்கு டீச்சர். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புகள் எடுத்தேன். பாடம் நடத்துவதில் எனக்கு அலுப்பே இல்லை. மே மாதம்தான் என்னைக் கொன்றது. ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிற வெயிலில், கையில் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்கச் சொல்வார்கள். எத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட்டாய் என்று ஜூன் மாதம் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். உறையூரில் ஒரு வீட்டில் என்னைத் துணி சோப்பு விற்க வந்தவள் என்று நினைத்து, "போன வாரம்தான் வாங்கினோம், போம்மா" என்று கேட்டைச் சாத்தினார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன், இந்த ஊரில் இனி இந்த வேலை இல்லை என்று.

என் கணவருக்கு அரியமங்கலத்தில் அவர் அண்ணனோடு சேர்ந்து வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்வார்கள். வெளிநாடு என்றதும் அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பாரு" என்றார். அந்த ஒரு சொல்லை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தில்லை நகரில் ஒரு டியூஷன் சென்டருக்கு மேல் மாடியில் இருந்தது ஏஜென்ட்டின் ஆபீஸ். என் சர்டிபிகேட்களைப் புரட்டிவிட்டு அவர் இரண்டு இடங்களைச் சொன்னார். ஒன்று மாலத்தீவில் ஏதோ ஒரு சின்னத் தீவில் இருக்கிற பள்ளி. இன்னொன்று ஓமனில், தலைநகரத்திலிருந்து தள்ளி ஒரு சிற்றூரில்.

"மாலத்தீவு போங்க மேடம். சம்பளம் அதிகம், ரூம் ஃப்ரீ. கண்ணை மூடிக்கிட்டுப் போலாம்."

"பிள்ளைங்க?"

"முதல் வருஷம் சிங்கிள்தான் மேடம். அப்புறம் பேசிக்கலாம்."

"யார்கிட்ட பேசறது?"

"அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம். வீட்ல பெரியவங்க இருக்காங்கல்ல? உங்களை மாதிரி எத்தனை பேர் விட்டுட்டுப் போறாங்க."

"நீங்க உங்க பிள்ளையை விட்டுட்டுப் போவீங்களா?"

"நான் எதுக்கு மேடம் போறேன்? நான் அனுப்பற ஆளு" என்று சிரித்தார். பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள்.

ஓமனைப் பற்றி அவரிடம் நான்தான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். குடும்ப விசா தருவார்கள். மகளுக்கு அதே பள்ளியில் இடம் உண்டு. மகனுக்கு வயது போதாது, அந்த ஊரில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போக இடமும் கிடையாது. கணவர் கூட வரலாம், ஆனால் அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. சம்பளம் குறைவு. "அது சரிப்படாது மேடம்" என்று அவரே முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருவானைக்காவலில் அத்தை வீட்டில் இதைச் சொன்னேன். அத்தை என்றால் என் மாமியார். மூத்த மகனோடு இருக்கிறார். சொல்லி முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது.

"மாலத்தீவுதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவரின் அண்ணன். "பிள்ளைங்க அம்மாகிட்ட இருக்கட்டும். ஒரு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்."

"நான் வளக்காத பிள்ளையா?" என்றார் அத்தை. "நீ நிம்மதியாப் போயிட்டு வா அம்மாடி."

என் கணவர் மீன் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த முள்ளை அவ்வளவு கவனமாக எடுக்க வேண்டிய தேவை இல்லை.

எனக்குத் தெரியும், ஒரு வருஷம் எப்படி ஓடும் என்று. எங்கள் பள்ளி வேதியியல் டீச்சரம்மா ஒருத்தர் இப்படித்தான் பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனார். லீவில் வந்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். "வாடா, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்று அவர் கூப்பிட்டார். பையன் எழுந்தான். ஆனால் நகரவில்லை. திரும்பிப் பாட்டி முகத்தைப் பார்த்தான். பாட்டி தலையாட்டின பிறகுதான் போனான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் யார் முகத்திலும் பார்க்க விரும்பவில்லை, என் முகத்தில் சுத்தமாக வேண்டாம்.

இதை அத்தையிடம் சொன்னேன். "அந்த மாதிரி மாமியாரா நான்?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் வீடுகளில் ஒரு கேள்வியை இப்படித்தான் மூடுவார்கள். கேட்டவள் சமாதானப்படுத்துகிறவள் ஆகிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், "தெருமுனைப் பிள்ளையார் கோயில்ல அர்ச்சனை வச்சிருக்கேன், பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா" என்றார் அத்தை. பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கணவரும் அவர் அண்ணனும் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். குருக்கள் தட்டில் இரண்டு சீட்டுகள் மடித்து வைத்திருந்தார். அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கல்யாணமா, நிலமா, ஆபரேஷனா, முடிவெடுக்க முடியவில்லை என்றால் சீட்டெழுதிச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்பது கணக்கு. வந்ததற்கு மேல் பேச்சு கிடையாது.

"குழந்தையை எடுக்கச் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வேலை செய்கிற பெருமையோடு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள்.

"மா... லத்... தீவு."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன், "பாத்தியாடா, நான் சொன்னேன்ல?" என்று என் கணவரின் தோளைத் தட்டினார். அவர் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க எனக்கு ஸ்கூல் இருக்கா பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"நீ எங்கடி தங்கம் போற? நீயும் தம்பியும் பாட்டிகிட்டதான் இருப்பீங்க. அம்மா மட்டும் போயிட்டு வருவா."

மகள் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தாள். "அப்ப என்னை எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?" என்றாள்.

குருக்கள் விபூதியை எடுத்து நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளையார் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டதற்குத்தானே அவர் பதில் சொல்வார்? எந்த நாடு என்று கேட்டார்கள். பிள்ளைகளோடா, பிள்ளைகள் இல்லாமலா என்று கேட்கவே இல்லை. அதைத் தாங்களே முடிவு செய்துகொண்டு, மிச்சத்தைச் சாமியிடம் கொடுத்திருக்கிறார்கள். அதிலும், தன்னை விட்டுவிட்டுப் போகிற சீட்டைப் பிள்ளை கையாலேயே எடுக்க வைத்திருக்கிறார்கள்.

"நான் போகல" என்றேன்.

"சாமி சொன்னதை மாத்தாத" என்றார் அத்தை.

"இன்னொரு தடவை போடுங்க. பிள்ளைங்களோட, பிள்ளைங்க இல்லாமன்னு எழுதிப் போடுங்க. வர்றதைப் பாப்போம்."

"ரெண்டு தடவை கேக்கப்படாதும்மா" என்றார் குருக்கள், தரையைப் பார்த்துக்கொண்டே. அவரும் பாவம், என்ன செய்வார்.

மகனைத் தூக்கிக்கொண்டு, மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கணவர் பைக்கைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். ஒரு டீக்கடை தாண்டியதும் நின்று கேட்டேன்.

"உங்களுக்கு ஓமன்ல என்னதாங்க பிரச்சினை? வாயைத் திறந்து சொல்லுங்க."

பைக் ஸ்டாண்டைக் காலால் தட்டிப் போட்டார். "அங்க வந்து நான் என்ன பண்றது?"

"பிள்ளையைப் பாத்துக்குங்க."

"நானா?"

இந்த "நானா"தான் விஷயம். சம்பளம் விஷயமே இல்லை. சாமியும் விஷயம் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு வருஷம் தாய் இல்லாமல் இருக்கலாம், அறுபது தாண்டிய, முழங்கால் வலிக்காரப் பொம்பளை அந்த மூன்று வயசுக்காரன் பின்னால் ஓடலாம், நான் ஒரு தீவில் தனியாக உட்கார்ந்து வீடியோ காலில் பிள்ளைகளைப் பார்க்கலாம். எல்லாமே இவர்களுக்குச் சரி. ஒரு ஆம்பளை வீட்டில் உட்கார்ந்து தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மட்டும் முடியாது. இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லாமல், சம்பளத்தைச் சொன்னார்கள், பாசத்தைச் சொன்னார்கள், கடைசியில் பிள்ளையாரைச் சொல்ல வைத்தார்கள்.

டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நடு ரோட்டில் இதை அப்படியே கத்தினேன். அவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, "ஏறு" என்றார். அவ்வளவுதான்.

அன்று மதியம் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு மாலத்தீவு வேண்டாம் என்றேன். யாரையும் கேட்கவில்லை. ஓமன் பள்ளியின் வீடியோ இண்டர்வியூ அடுத்த வாரம் வந்தது. கணவர் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து, தீப்பொறி பட்டு ஓட்டை ஓட்டையான சட்டையோடு, லேப்டாப் கேமராவுக்குப் படாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பிரின்சிபால் ஒரு அம்மா. பாடத்தைப் பற்றி நிறையக் கேட்டார். கடைசியாக, "உங்க சின்னப் பிள்ளையை யார் பார்த்துப்பாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"அவன் அப்பா" என்றேன்.

"அப்படியா? அவர் இருக்காரா அங்க?"

நான் லேப்டாப்பைத் திருப்பினேன். அவருக்குத் தப்பிக்க நேரமில்லை. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு, "எஸ் மேடம்" என்றார். "வெரி குட்" என்றார் அந்த அம்மா. அவ்வளவு எளிதாக முடிந்தது.

அவரைக் கேட்காமல் சொன்னது தப்பு என்று பிறகு என் அம்மாகூடச் சொன்னார். தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. என்னைக் கேட்டா சீட்டு எழுதினார்கள்?

அண்ணன் பட்டறையில் எல்லார் முன்னாலும் கேட்டாராம், "என்னடா, அங்க போய் ஆயா வேலை பாக்கப் போறியா?" என் கணவர் வெல்டிங் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "ஆமா. உன் பிள்ளைங்க பேரு என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பட்டறைப் பையன் ஒருத்தன் எங்கள் வீட்டுக் கிரில்லைக் கழற்ற வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வரவில்லை. அத்தை வந்தார், என் மகனை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

இப்போது கோடை லீவுக்கு வந்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "என்ன மாப்ளே, இன்னிக்கு என்ன சமையல்?" அவரும் சலிக்காமல், "பருப்பு உருண்டைக் குழம்பு. வர்றீங்களா, பாத்திரம் கழுவ ஆள் இல்ல" என்கிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார்களா?

நேற்று சாயங்காலம் நாலு பேரும் அம்மா மண்டபம் ரோட்டில் நடந்தபோது, "வாடா, ரோஸ்மில்க் வாங்கித் தரேன்" என்று மகனைக் கூப்பிட்டேன். அவன் நகரவில்லை. திரும்பி அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். தொண்டையில் சளி இருக்கிறதா, ஐஸ் போடலாமா என்பதெல்லாம் இப்போது அவருக்குத்தானே தெரியும்? அவர் தலையாட்டினார். அவன் ஓடி வந்தான்.

எரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பார்த்தது, ராத்திரி எனக்குப் பக்கத்தில் குறட்டை விடுகிற முகத்தை. மூன்று ரோஸ்மில்க் வாங்கினேன். அவருக்கு வாங்கவில்லை.