குங்குமம் முந்திவிட்ட படம்

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. காலை மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். வெந்நீரில் குளித்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ குடித்தேன். நாலேகாலுக்குப் பையைச் சரிபார்த்தேன்: கேமரா இரண்டு, லென்ஸ் மூன்று, பேட்டரி ஆறு, மெமரி கார்ட் நான்கு, துடைக்கும் துணி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் டைரியில் ஒரு கோடு போட்டேன். ஐந்து மணிக்குப் பதுளையிலிருந்து வேன் புறப்பட்டது. பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கோயில் மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதே காலிலிருந்து பத்தேகால் வரை. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். நானும் நிதானமாகச் சொல்வேன். எங்கே நிற்பது என்பதை ஐயரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், கெட்டிமேளம் தொடங்கிய பிறகு இடம் தேடாதீர்கள். தாலி ஏறும் நேரம் இருபது விநாடிதான், அப்போது போனைத் தூக்கிக்கொண்டு யாரும் முன்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது குளிர். வெளியே பனியில் இருந்த கேமராவை நேரே மண்டபத்துக்குள் கொண்டுபோனால், ஹோமச் சூட்டிலும் கூட்டத்தின் மூச்சிலும் லென்ஸ் வெளுத்துவிடும். துடைத்தால் மறுபடி வெளுக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே பையை உள்ளே வைத்துவிடுங்கள்.

அன்றும் ஏழே முக்காலுக்குப் பையை உள்ளே வைத்துவிட்டுத்தான் பெண்ணின் அப்பாவைப் பார்க்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கினேன். முந்திய மாதம் மழையில் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் இருந்தார். தாய் இல்லாத பெண்ணை அவர்தான் வளர்த்தவர். தாரை வார்த்துக் கொடுக்கத் தம்பியையும் தம்பி மனைவியையும் ஏற்பாடு செய்திருந்தார். புது வேட்டி கட்டி, சட்டைக்குப் பொத்தான் போட்டு, தலையணையில் சாய்ந்திருந்தார்.

"நூத்திப் பத்து படிங்க தம்பி கோயிலுக்கு. பயலுக நாக்காலியில வச்சித் தூக்கிட்டுப் போறேங்கிறானுக. நான் அப்பிடிப் போனா சனம் பொண்ணையா பாக்கும்? என்னையத்தான் பாக்கும். நீங்க அந்தத் தாலி கட்டுறத மட்டும் நல்லா எடுத்துருங்க. நான் இங்கயே கெடந்து பாத்துக்கிறேன்."

"நான் இருக்கேன்ல அண்ணே. கவலைய விடுங்க" என்றேன்.

எட்டரைக்கு மண்டபத்தில் மைக்கை வாங்கி, தாலி கட்டும்போது ஒருவரும் எழுந்து வரக் கூடாது, போன் தூக்கக் கூடாது, படம் நான் எல்லோருக்கும் தருகிறேன் என்று அறிவித்தேன். தோட்டத்துச் சனம் சொன்ன சொல்லைக் கேட்கும். சிலர் போனை அணைத்தே விட்டார்கள்.

எட்டு ஐம்பதுக்கு வெளியே பனி விலகத் தொடங்கியது. கோபுரத்துக்குப் பின்னால் தேயிலை மலை அடுக்கடுக்காகத் தெரிந்தது. என் கடைக் கண்ணாடியில் ஒட்ட அப்படியொரு படம் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பையோடு இரண்டு கேமராவையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அந்தக் கல்யாணத்துக்கு அந்தப் படம் தேவையில்லை. எனக்குத்தான் தேவை. இருபத்தைந்து நிமிடம் நின்றேன்.

திரும்பி வந்தபோது தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்றி முடித்திருந்தது. பேசி வைத்த இடத்துக்கு வந்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். வெள்ளையாக இருந்தது. துடைத்தேன். மறுபடி வெள்ளை. மற்றக் கேமராவும் அப்படியே. கெட்டிமேளம் முழங்கி நின்றது. பிறகு எண்ணினேன்: பதினான்கு படம், பதினான்கும் பாலில் நனைத்த துணி போல.

அரை மணி நேரத்தில் லென்ஸ் தெளிந்துவிட்டது. சடங்குகள் முடிந்து ஐயர் சாப்பிடப் போனதும், மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறுபடி மணவறையில் உட்கார வைத்தேன். தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரிடம் அட்சதை கொடுத்துப் போடச் சொன்னேன்.

"ஏண்ணே, ஒருக்கா கட்டுனதுக்கே அவன் கை இன்னும் நடுங்குது" என்றான் ஒருவன். "இன்னொருக்கா கட்டுனா ஆளு மயக்கம் போட்டுருவான்."

"நீ மூடிட்டு அரிசியப் போடுடா" என்றார் மாப்பிள்ளை.

பெண் சிரிக்கவில்லை. "அண்ணே, இப்பிடிச் செய்யலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா ஆக்டிங்தானேம்மா. அப்பா பாக்கணும்ல" என்றேன். அப்பா என்றதும் அவள் தலை குனிந்தாள்.

படம் நன்றாக வந்தது. அட்சதை அந்தரத்தில் நின்றது. மூலைகளைச் சரிபார்த்தேன், பின்னால் காலி நாற்காலி தெரியாமல் வெட்டினேன். சரிபார்ப்பது என் பழக்கம்.

இரண்டு மணிக்கு லயத்துக்கு இறங்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவை இரண்டு கையாலும் வாங்கினார். பெரிதாக்கிக் காட்டினேன். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு வெகு நேரம் பார்த்தார்.

"இது கட்டும்போது எடுத்ததுங்களா, பொறகு எடுத்ததுங்களா?"

"கட்டும்போதுதாண்ணே."

"வகுட்டுல குங்குமம் இருக்கே தம்பி."

பார்த்தேன். இருந்தது. தாலி ஏறிய பிறகுதான் மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைப்பார். என் தொழிலில் நூற்றுக்கணக்கான முறை பார்த்த வரிசை அது.

"ஐயர் இன்னைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. முந்தியே வைக்கச் சொல்லிட்டாரு" என்றேன். இவ்வளவு வேகமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை தெரியாது.

"அப்பிடிங்களா" என்றார். இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பித் தந்தார். "சாப்டீங்களா தம்பி? பாயாசம் நல்லா இருந்திச்சா?"

நல்லா இருந்தது என்றேன். நான் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து டைரி எழுதினேன். புறப்பட்ட நேரம், வந்த நேரம், எடுத்த படம் ஆயிரத்து நூற்று இரண்டு. "லென்ஸ் வெளுப்பு, 14 படம் வீண்" என்று எழுதி அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மூடினேன். பிறகு திறந்து, குங்குமத்தைப் பற்றியும் ஐயரைப் பற்றியும் எழுதினேன். எழுதியதை வாசிக்க முடியவில்லை. குங்குமத்தைக் கம்ப்யூட்டரில் அழிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த நினைப்பு வந்ததையும் இங்கே எழுத வேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்கு, முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாகப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அந்தப் படம் பிறகு நடிக்கவைத்து எடுத்தது, உண்மையானது என்னிடம் இல்லை, ஐயர் ஒரு தவறும் செய்யவில்லை, பனியில் கேமராவைக் கொண்டுபோனது நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் இருமினார். பக்கத்தில் வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது.

"படம் இல்லாட்டிப் போகுதுங்க. புள்ள அந்த நேரத்துல எப்பிடி இருந்திச்சின்னு நேத்திலிருந்து கேக்குறேன். சனத்தக் கேட்டா, நீங்க ஒக்காரச் சொன்னீங்களாம், பின்னாடி இருந்தோம், ஒண்ணும் தெரியலங்குறாங்க. என் தம்பிக்கும் பொண்டாட்டிக்கும் பொக கண்ணுல பட்டு ஒண்ணும் தெரியலயாம். நீங்க கிட்டக்க நின்னீங்கள்ல. சொல்லுங்க. அழுதுச்சா?"

மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். குனிந்து துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கலண்ணே" என்றேன்.