விளம்பரங்களை விசாரித்த ஜெயசீலி அக்கா

கடந்த திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு எங்கள் தொழிற்சாலையின் நிர்வாகம், அதன் வரலாற்றில் முதன்முறையாக, அலுவலகத்தில் உள்ள ஆறு கணினிகளின் முகப்புத் திரையும் ஒரு நாள் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மேலாளர் எழுந்து நின்று அறிவித்தார். நாங்களும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டோம். கறுப்பின்மேல் நிறுவனச் சின்னம் இருக்கலாமா என்று விவாதம் நடந்தது. இருக்கலாம், ஆனால் மூலையில் மட்டும் என்று தீர்மானமானது. டெஸ்பாட்ச் பிரிவின் ஜெயசீலி அக்கா முந்தின நாள் மாலை மீஞ்சூரில் தம் வீட்டிலேயே மாரடைப்பால் இறந்துபோனார் என்று அவருடைய கணவர் போனில் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

முகப்புத் திரையைக் கறுப்பாக்கத் தெரிந்தவர் எங்களில் அக்கா ஒருவர்தான். ஆகவே ஸ்டோர்ஸ் டில்லிபாபு இணையத்தில் தேடி, கறுப்புப் படங்களை இலவசமாகத் தரும் மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றினார். பதினொன்றரை மணிக்கு ஐந்து திரைகள் துக்கம் காத்தன. ஆறாவதில், நிறுவனச் சின்னம் இருக்க வேண்டிய மூலையில், மூட்டுவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படிக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை நண்பர்கள் பலருடைய கணினியில் அக்காவின் கை பட்டிருக்கும். வேலை என்று பார்த்தால், லாரியில் ஏறும் இரும்புக் கம்பிகளுக்குச் சீட்டு எழுதுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கணினிப் படிப்பு எதுவும் அவர் படித்ததில்லை. அழைக்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் விளம்பர மென்பொருள்களை வெளியேற்றும் வேலையை அவரிடம் யாரும் ஒப்படைக்கவும் இல்லை. அவருக்கு அவற்றின்மேல் கோபம்கூட இருந்ததில்லை. இருந்ததெல்லாம் இவன் யார், இங்கே எப்படி வந்தான் என்று அறியும் ஆசை. துடைத்து எறிவதற்கு முன்னால் உட்கார்ந்து படிப்பார்.

ஒருமுறை டில்லிபாபுவின் திரையில், ‘கும்மிடிப்பூண்டியில் உங்களுக்காகக் காத்திருக்கிறாள்’ என்ற வாசகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் தோன்றினாள். டில்லிபாபு பதறிப்போய் மூடப் பார்த்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டார்.

“இரு நைனா, மூடாத. எந்த ஏரியான்னு பாக்கலாம்.”

“வேணாங்க்கா, பேஜாரு. யாரனா பாத்துடப் போறாங்க.”

“இருவது வருஷமா இந்த டேசன்லதான் எறங்கிக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாம எவ இங்க வந்து காத்துக்கினு கீறா?”

அன்று மாலை வீட்டுக்குப் போய் அதே பக்கத்தைத் தேடித் திறந்து பார்த்திருக்கிறார். மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கியதும் நேராக ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

“அதே பொண்ணுதான்பா. அதே சட்ட. மீஞ்சூர்லயும் நமக்காகக் காத்துக்கினு கீறா. சீசன் டிக்கெட் வெச்சிருப்பா போல.”

இணைய இணைப்பை வைத்தே ஊர்ப் பெயரை ஊகித்து அந்த வாசகத்தில் செருகுகிறார்கள் என்று இரண்டு நாள் கழித்து எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்து சொன்னார். டில்லிபாபுவின் முகம் கொஞ்சம் வாடியதாக எனக்கு ஞாபகம்.

அக்காவின் விசாரணையில் எப்போதும் இரண்டே கேள்விகள். “எப்ப வந்தான்? யாரோட வந்தான்?” கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து, அவை ஏற்றப்பட்ட தேதிப்படி வரிசையாக்குவார். ஒரே தேதியில் மூன்று நான்கு பெயர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் ஒன்று நாம் விரும்பி அழைத்தது. மற்றவை அதன் முதுகில் ஏறி வந்தவை. “தனியா எவனும் வர்றதில்ல” என்பார். பிறகு அந்தத் தேதியில் என்ன செய்தோம் என்று நம்மைக் கேட்பார். நாம் ஒன்றுமே செய்யவில்லை என்போம். அவர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். பட்டியலிலிருந்து நீக்கியதோடு விடமாட்டார். பிரவுசருக்குள் போய், கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றுவார். அறிவிப்பு அனுப்ப நாம் அனுமதி கொடுத்த தளங்களைத் தேடி ஒவ்வொன்றாக ரத்து செய்வார். மாறிப்போன முதல் பக்கத்தைத் திருப்பி வைப்பார். கணினியில் பதின்மூன்று வைரஸ் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அலறும் பக்கங்களிடம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. “நம்ப ஊட்டு ஆளுக்கு நோவுன்னு ரோட்ல போறவனுக்கு எப்டிடா தெரியும்?” என்று திரையைப் பார்த்தே கேட்பார்.

எடைமேடை விவகாரம் போன ஆண்டு நடந்தது. அதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் சரியாக எழுத முடியாது.

எங்கள் எடைமேடையில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு கொடுப்பவர் தேவகி. அவருடைய கணினித் திரை ஜன்னலைப் பார்த்து இருந்தது, ஓட்டுநர்கள் இருக்கையில் இருந்தபடியே எடையைப் படித்துக்கொள்ள வசதியாக. ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் திரையில் எடைக்குப் பக்கத்தில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். டில்லிபாபுவிடம் வந்தவளைவிட உடை குறைந்தவர்கள். தேவகி இரண்டு நாள் அவற்றை மூடிக்கொண்டே இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ எதைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை காலை ஒரு ஓட்டுநர் ஜன்னல் வழியாக, “இன்னா மேடம், எடையோட ஷோவும் ஃப்ரீயா?” என்று கேட்டார். பின்னால் நின்ற லாரிகளுக்கும் அது கேட்டது. பத்து நிமிடத்தில் மேலாளருக்கும் கேட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தேவகியிடம் அவர் சொல்லிவிட்டார்.

வேலை போவது ஒரு பக்கம். தேவகியினுடைய கணவரின் அண்ணன் எங்கள் உலையில்தான் வேலை செய்கிறார். எதற்காக வேலை போயிற்று என்பது அவர் மூலம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேவகியை வேறு எந்தக் கம்பெனிக்கும் அனுப்பமாட்டார்கள்.

அக்கா மேலாளரிடம் மாலை நான்கு மணி வரை அவகாசம் கேட்டு வாங்கினார். சாப்பாட்டு டப்பாவோடு எடைமேடைக்குப் போனார். தேதிப்படி வரிசையாக்கினார். மூன்று மென்பொருள்கள் ஒரே நாளில், அந்த வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமையில் ஏறியிருந்தன. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். அன்று தேவகி விடுப்பில், தம் அம்மாவைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். எடைமேடையில் மாற்று ஆளாக உட்கார்ந்திருந்தவன் நான்.

அக்கா என் மேசைக்கு வந்தார்.

“வியாழக்கெழம இன்னா நைனா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலக்கா.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க. அத்த வுடு. பைலெல்லாம் ஒண்ணா ஒட்றதுக்கு ஒண்ணு எறக்கிக்கிற. சரி. கூடவே வரட்டுமான்னு ரெண்டு பேரு கேட்டுக்கிறான். அதுக்கும் ஏன் டிக் போட்டே? எனக்கு அதான் தெரியணும்.”

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. மகளின் சான்றிதழ்களை ஒரே கோப்பாக இணைக்கத்தான் அதை இறக்கினேன் என்று ஒப்புக்கொண்டேன். டிக் போட்டதற்குக் காரணம் யோசித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. கடைசியில், “கட்டம் காலியா இருந்துச்சுக்கா” என்றேன்.

“கட்டம் காலி” என்று அக்கா ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது.

“கேட்டு பாரம்!” என்றார்.

கேட் ஃபாரம் என்பது எங்கள் தொழிற்சாலை வாசலில் தினமும் நாங்கள் நிரப்ப வேண்டிய பாதுகாப்புப் படிவம். தலைக்கவசம் அணிந்தேனா, மின் இணைப்பைத் துண்டித்தேனா என்று பன்னிரண்டு கட்டங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருபவரும் உயர் அழுத்த மின் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக டிக் போட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்குகிறார். வருடக்கணக்காக இந்தப் பயிற்சி பெற்ற எங்களுக்கு, கட்டம் என்று ஒன்றைப் பார்த்தால் கை தானாகப் போய் நிரப்பிவிடுகிறது. பக்கத்து கம்பெனிக் கணினிகளில் இல்லாத தொல்லை எங்களிடம் மட்டும் ஏன் என்று அக்கா பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

தேவகி ஓய்வறையில் அழுதுகொண்டிருந்தார். அக்கா சோதனையில் இறங்கினார். ஒரு தாளில் நான்கு வரி தட்டச்சு செய்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கட்டம் போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, அலுவலகத்தில் எட்டுப் பேரிடம் கொடுத்தார். முதல் மூன்றும் சாதாரண வரிகள். நான்காவது: ‘முன்பின் தெரியாத நால்வர் என் வீட்டில் வந்து தங்கி, வருவோர் போவோரிடம் தைலம் விற்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ எட்டுத் தாள்களும் நான்கு கட்டங்களும் நிரம்பித் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிறுவன முத்திரையும் இருந்தது.

“இத்த வெச்சிக்கினு நானே போலாம்” என்றார் என்னிடம். “ஆனா தேவகி பேருல வந்தது உன் வாயால போனாதான் நல்லாருக்கும். நாலு மணிக்கு முன்ன சொல்லு.”

மணி இரண்டரை. நான் மூன்று ஐம்பது வரை யோசித்தேன். அதை இங்கே குறைத்துச் சொல்லி எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

நான் சொன்னதை மேலாளர் நம்பவில்லை. “கதை எழுதுற ஆளு நீங்க. படிக்காம எவனாவது டிக் போடுவானாய்யா? அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பாக்குறீங்க” என்றார். அக்கா முத்திரை வைத்த தாளை மேசையில் வைத்தார். மேலாளர் அதை முதன்முறையாகப் படித்தார்.

“இது எப்ப குடுத்தீங்க?”

“ரெண்டு மணிக்கு சார்.”

“நாலு பேரா?”

“ஆமா சார். உங்க ஊட்டுக்கு.”

தேவகி மறுநாளும் வேலைக்கு வந்தார். ஜன்னல் வழியாகக் கேட்ட ஓட்டுநருக்கு, அந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அக்கா கால் மணி நேரம் நின்று விளக்கியதாகவும், கடைசியில் ஓட்டுநர் தம் போனையும் பார்க்கச் சொல்லி நீட்டியதாகவும் கேள்விப்பட்டேன்.

மேலாளரின் தாளைப் பிறகு என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். அன்று மாலையே கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். “படிக்காம போட்டதுதானே, பாவம். அத்த வெச்சினு இன்னா பண்றது?”

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. எதையாவது அழுத்துவதற்கு முன்னால் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் எழுதியிருப்பதைக் கடைசி வரை படிக்கிறேன். யாராவது ஒருவர் மேல் ஒரு பேச்சு கிளம்பினால், அது எந்தத் தேதியில் வந்தது, கூட யார் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எல்லா முறையும் கேட்பதில்லை. கேட்கும் தடவைகளெல்லாம் அவருடையவை.

செவ்வாய்க்கிழமை மீஞ்சூரில் அடக்கம். தேவகி அதற்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இறந்தவருடன் உறவுமுறை என்ற கட்டத்தை மட்டும் அவர் காலியாக விட்டிருந்ததால், விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. அவர் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, எடைமேடையைப் பூட்டிக்கொண்டு எட்டரை மணி ரயிலுக்குப் போய்விட்டார். மாற்று ஆளாக உட்கார வேண்டிய நானும் அதே ரயிலில் இருந்தேன். பதினான்கு லாரிகள் மாலை நான்கு மணி வரை கேட்டுக்கு வெளியே நின்றன.