எதச் சொல்றது, டாக்டரம்மா?

மத்திகிரி சி. முனிராஜ் என்னும் நான், அகவை அறுபத்தெட்டு, தொழிற்சாலைப் பணியில் ஓய்வு பெற்றவன். நோயில்லாமல் நோயாளியாக இருப்பதே இன்று என் தொழில். மருத்துவக் கல்லூரியில், மாணவர் பேசிப் பழகுவதற்கென்று கணினித் திரையில் கோவிந்தன் என்றொரு நோயாளியை உருவாக்கியுள்ளனர். அவன் வாயில் ஒலிப்பது என் குரல். மருத்துவர் முன் அமர்ந்ததும் சொல்ல வந்தது மறந்துபோகும் வாசகர்களே, என் கவலை உங்களுக்குப் புரியும்.

செந்தமிழ் வயிற்றுவலி

ஒலிப்பதிவின் முதல் நாள், "என் வயிற்றின்கண் தாங்கொணா வலி தோன்றியுள்ளது" என்று திருத்தமாக மொழிந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொறியாளர் ரவி காதுக்கருவியைக் கழற்றினார். குரல் தேறாதோ என்று அஞ்சினேன். அவர் சொன்னார்: "அய்யா, செய்தி வாசிக்காதீங்க. வயித்துவலியோட பேசுங்க."

எதை? எதெ?

ஆகவே வீட்டில் பேசுவதுபோலவே பேசினேன். அங்கேதான் வினை. காவ்யா என்னும் மாணவி கர்நாடக எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லிலிருந்து வருபவர்; வீட்டு மொழி கன்னடம். "என்ன தொந்தரவு?" என்று அவர் வினவ, கோவிந்தன், "எதச் சொல்றது, டாக்டரம்மா!" என்று பெருமூச்சு விட்டான். கன்னடத்தில் 'எதெ' என்றால் நெஞ்சு; காவ்யாவின் காதில் விழுந்தது அதுதான்.

படபடப்பு உண்டா, இடக்கை வலிக்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். கோவிந்தன் இல்லை, இல்லை என்றான். வயிறு கேட்பாரற்றுக் கிடந்தது. நேரம் முடிந்ததும், பயிற்சியைக் கவனித்திருந்த பேராசிரியை சொன்னார்: "அவர் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, காவ்யா. எனக்குத்தான் இப்ப அடைக்குது."

வீட்டுக் கருத்து

குழப்பம் என் பேச்சால் விளைந்ததென்றும், கணினியே தெளிவான குரல் ஒன்றை உண்டாக்கிவிடுமென்றும் ரவி கூறினார். இன்னொரு முறை சோதித்து முடிவெடுப்பதாகப் பேராசிரியை அறிவித்தார். அன்றுமுதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் என் குரலே பாடம் என்று தெருவெங்கும் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி சரோஜா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அங்க மொனகுற வேலையும் போச்சுன்னா, மொத்தத்தையும் நான்தான் கேக்கணுமா?"

வாய்திறவா நோயாளி

சோதனையன்றும் காவ்யாவே திரைமுன் அமர்ந்தார். கோவிந்தன் அதே "எதச் சொல்றது" என்றான். அவர் நிமிர்ந்து, "தமிழ் 'எதை'யா, கன்னட 'எதெ'யா, அய்யா?" என்று கேட்டார். அதற்கு நான் மறுமொழி பதிந்திருக்கவில்லை. கோவிந்தன் விழித்தான், கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் பார்த்திருந்த நானும் விழித்தேன். வேலை போயிற்று என்று எழுந்தே விட்டேன்.

காவ்யா நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு, "பரவால்ல. எங்க வலிக்குதோ அங்க கை வைங்க" என்றார். திரையில் கோவிந்தனின் கை வயிற்றுக்குச் சென்றது. ரவி வாய் திறக்குமுன் பேராசிரியை சொன்னார்: "கொரல மாத்தாதீங்க, ரவி. வார்டுக்கு வர்றவங்களும் இப்படித்தான் பேசுவாங்க. புள்ளைங்க இங்கயே தடுமாறிட்டுப் போகட்டும்."

வயிறும் என்னுடையதன்று, வலியும் என்னுடையதன்று, முனகல் மட்டும் எனக்கே உரியது என்று தீர்ந்த நாள், ஆடி முதல் வெள்ளிக்கிழமை.