சாவடிக்கு அந்தப் பக்கம் விமல்

கார்மேகத்துக்குத் தன் முதலாளி ஸாலிம் மீது இருந்தது பொறாமைதான். மரியாதை, விசுவாசம் என்று அவர் வேறு பெயர் வைத்துப் பார்த்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நாங்கள் யாரும் நம்பவில்லை.

பரமக்குடிப் பக்கத்துக்காரர், அமீரகத்தின் அல் ஐனில் ஸாலிம் வீட்டு டிரைவர். தம்பி விமலுக்கு, அல் ஐனை ஒட்டினாற்போல் இருக்கும் புரைமியில் டீக்கடை வேலை. புரைமி ஓமான் நாடு என்றாலும் முதலில் நடுவே தடுப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு வேலி வந்தது, சோதனைச் சாவடி வந்தது. கார்மேகத்துக்கு ஓமான் விசாவும் விமலுக்கு அமீரக விசாவும் குதிரைக்கொம்பாகிவிட்டன.

ஸாலிமின் மனைவி புரைமிக்காரி. வாராவாரம் மாமியார் வீட்டு விருந்து. சாவடி வந்ததும் கார்மேகம் இறங்கிக்கொள்வார். ஸாலிம் ஸ்டியரிங்கைப் பிடித்து, அமீரகக் குடிமகன் என்ற அடையாள அட்டையைக் காட்டிவிட்டு விசா இல்லாமலே போவார். மாலைவரை கார்மேகம் நிழல் தேடி நிற்க வேண்டியதுதான்.

2007 கல்ஃப் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் அமீரகமும் ஓமானும் மோதின. காரின் ஒரு பக்கம் புருஷன் கொடி, மறுபக்கம் பெண்டாட்டி கொடி. ஓமான் தோற்றதில் அந்தம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஸாலிம் அரைகுறை இந்தியில் சிரித்தார்: "ஆட்டத்துலதான் ரெண்டு நாடு. மத்தபடி நாங்க எல்லாரும் கலீஜி, வளைகுடாக்காரங்க."

"ஒரே ஆளுக்கு ரெண்டு ஊரு. நமக்கு ஒண்ணுகூட இல்ல," என்று அன்று கார்மேகம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

தம்பிக்கு மீன்குழம்பையும் ஸாலிமிடமே கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. திரும்பி வந்து அவர் சேதி சொல்வார். விமல் இளைத்துவிட்டான், மீசையை எடுத்துவிட்டான், அவன் போட்ட டீ பிரமாதம். அறைக்கு வந்து கார்மேகம் பொருமுவார். என் தம்பி மீசையைப் பற்றி எனக்கு இவர் வந்து சொல்வதா?

2009இல் விமல் ஓமான் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே கிளம்பினான். போகுமுன் ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட கார்மேகம் சாவடியில் கெஞ்சினார். காவலர் கையசைத்து விரட்டினார்.

"நான் போய் மஸ்கட் பஸ் ஏத்திவிடுறேன்," என்றார் ஸாலிம். வழிக்குப் பேரீச்சம்பழம்கூட வாங்கிக்கொண்டு போனார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கார்மேகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸிலிருந்து விமல் பேசினான். "முதலாளி தங்கமான மனுசன் அண்ணே. கட்டிப்புடிச்சு அழுதுட்டேன். அண்ணன் பக்கத்துல இல்லங்கிற குறையே தெரியல."

"சரிடா, பத்திரமாப் போ."

சற்று நேரத்தில் ஸாலிம் திரும்பி வந்து ஸ்டியரிங்கைக் கொடுத்தார். வீடு வந்ததும், என்றைக்கும் ஓடிப்போய் அவருக்குக் கதவைத் திறந்துவிடும் கார்மேகம் அன்று இறங்கவில்லை.