முகத்தில் தெரியாத முகமூடி

நியூ டவுனில் வேலை பார்க்கும் என் மகள், "சாயங்காலம் மூஞ்சியக் கழுவிட்டு, கண்ண மூடி க்ரீம மெதுவாத் தடவுப்பா. அதுவே தியானம்" என்றாள். ஆபீஸிலிருந்து வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் வைத்துவிட்டுப் போயிருந்த ட்யூபைப் பிதுக்கி, மீசை உட்பட எல்லா இடத்திலும் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரை மணி கழித்துக் கண்ணைத் திறந்தால் கன்னம் அசையவில்லை. வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. நிலைக்கண்ணாடியில் முகத்தின் மேல் ஒன்றுமே தெரியவில்லை. போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் தொடங்கியதும் இப்படித்தான். ஒவ்வொரு மூச்சையும் எண்ணினேன்.

"ஜானகி... ஸ்ட்ரோக்..." என்று பல்லிடுக்கில் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் போட்ட அலறலில் நாங்கள் 'தாதா' (அண்ணா) என்று கூப்பிடும் எதிர் ஃப்ளாட் வங்காளி, "கீ ஹோலோ? என்ன ஆச்சு?" என்று ஓடிவந்து ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். ஜானகி அழுதபடி என் முகத்தைத் தடவியபோது, தாடையோரம் அவள் நகத்தில் ஏதோ சிக்கியது. இழுத்தாள். பாம்புச் சட்டைபோல் மெல்லிய படலம் உரிந்து வந்தது, பாதி மீசையோடு.

"ஏன்னா, இது காஞ்சதும் உரிச்செடுக்கற ஃபேஸ் பேக்! எழுதியிருக்கே, படிக்கப்படாதா?"

தாதா சிரித்துக்கொண்டே ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னார்.

இப்போதும் தினமும் தியானம் உண்டு. மூக்குக்கண்ணாடி போட்டு, ட்யூபில் உள்ளதைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் கண்ணை மூடுகிறேன். மீசைப் பக்கம் மட்டும் கை போவதில்லை.