சட்டையைத் தேடிப் பிச்சாவரம் வரை

அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்து முற்பகல். சிதம்பரத்தை விட்டுக் கிள்ளை போகும் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். என் மேல் இருந்தது யாரோ ஒருவருடைய சட்டை. என்னுடைய சட்டை அந்த யாரோ ஒருவர் மேல் ஏறி, குதிரை வண்டியில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆளைப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்கு முந்தைய மூன்று மாதம் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கினேன். அதற்கு முன் ஒரு ஓட்டலில் தண்ணீர் இறைத்தேன். அதற்கும் முன் லாரியில் கிளீனர். ஓர் இடத்தில் நிலைத்து நிற்கிற உடம்பு இல்லை என்னுடையது. மில்லில் கணக்கு எழுதுபவர் இரக்கப்பட்டு, கடலூர் பழைய டவுனில் கிடங்கு வைத்திருந்த தன் உறவுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சரக்கு வருவதையும் போவதையும் குறித்து வைக்கும் வேலை. நிழலில் உட்கார்ந்து செய்யலாம். நான் சிதம்பரம் போன நாளுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குள் கடிதத்தோடு போய் நிற்க வேண்டும், பிந்தினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கடிதத்தில் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் என்று இருந்தது. நான் படித்தது ஆறாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. அப்படி எழுதச் சொன்னது நான்தான். கையெழுத்து மட்டும் எனக்கு அழகாக வரும். மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வழியில் வருகிற கோயில் எதையும் நான் விட்டதில்லை. பக்தி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊர் ஊராக நடக்கிறவனுக்குக் குளத்தில் தண்ணீரும் மண்டபத்தில் நிழலும் கிடைக்கும், வேளை வாய்த்தால் ஒரு பிடி பொங்கலும் கிடைக்கும். சிதம்பரத்திலும் அப்படித்தான் நுழைந்தேன். சன்னதிக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மற்றவர்கள் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். என் சட்டை வியர்வையில் ஊறிக் கிடந்ததால் ஒரு தூண் ஓரம் மடித்து வைத்தேன். அங்கே ஏற்கெனவே அதே மாதிரி ஒரு வெள்ளைச் சட்டை மடித்துக் கிடந்தது. கும்பிட்டு வந்தபோது வெளியில் பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன்.

புளியோதரையைத் தின்று, கை கழுவி, கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டேன். கையில் வந்தது நான்காய் மடித்த வேறொரு காகிதம். நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே கட்டம் போட்டு எழுதிய ஒரு பெண்ணின் ஜாதகம். கூடவே ஒரு பேனா. தூணுக்குத் திரும்பி ஓடினேன். அங்கே ஒன்றும் இல்லை. வாசலில் பூ விற்ற அம்மாள்தான் சொன்னாள்.

"சட்டையக் காணோம்னு ஒருத்தரு தேடிக்கிட்டிருந்தாரு. திட்டக்குடிக்காரங்க, பொண்டாட்டி பொண்ணோட வந்தாங்க. பிச்சாவரத்துல தில்லை மரம் பார்க்கணும்னு வண்டி பேசிக்கிட்டுப் போறாங்க. நீயும் சட்டையத்தான் தேடறியா? ஒங்களுக்கெல்லாம் இன்னிக்கு என்ன வந்திச்சு?"

பிச்சாவரம் ஏறக்குறைய பத்து மைல். பஸ்ஸுக்கு வழியில்லை. நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. சன்னதியில் நின்று கும்பிட்டுவிட்டு அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறானே, இவனுக்கெல்லாம் கோயில் எதற்கு என்று வழியெல்லாம் திட்டினேன்.

மூன்று மைல் போயிருப்பேன். பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த துணி வியாபாரி, தலையில் தொப்பி, கேரியரில் துணி மூட்டை.

"என்னா தம்பி, தீப்புடிச்ச மாதிரி போற?"

சொன்னேன்.

"கிள்ளை வரைக்கும் நானும் போறேன். மிதிக்கத் தெரியுமில்ல? நீ மிதி. எனக்கு முட்டி வலி ஜாஸ்தி."

ஓசிச் சவாரி என்று ஏறினால் அவரையும் மூட்டையையும் சேர்த்து நான் இழுக்க வேண்டியதாயிற்று. மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் பேசிக்கொண்டே வந்தார். என் முதுகுத் துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் துணிய நானே எத்தினியோ கெசம் வித்திருக்கேன். இந்த வருசம் ஊருல பாதிப் பேரு இதத்தான் போட்டிருக்கான். அது சரி, ஒங்க ரெண்டு பேருல யாரு மொதல்ல வெளிய வந்தது?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும் பாய்?"

"சும்மாதான் கேட்டேன். மேடு வருது, அழுத்தி மிதி."

இது என்ன கேள்வி என்று எரிச்சலாக இருந்தது. கிள்ளையில் அவரை இறக்கிவிட்டு மீதித் தூரத்தை நடந்து தீர்த்தேன்.

அந்தக் காலத்தில் பிச்சாவரத்தில் சுற்றுலாவுக்கென்று ஒரு கொட்டகைகூடக் கிடையாது. மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டால் படகில் ஏற்றிக் காட்டுக்குள் சுற்றிக் காட்டுவார்கள். கரையில் குதிரையை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தூரத்தில், சுரபுன்னை வேர்கள் கை கையாகத் தண்ணீரில் ஊன்றி நின்ற ஒரு வாய்க்கால் முனையில், ஒரு படகு அசையாமல் நின்றது. அதில் ஓர் ஆள், இரண்டு பெண்கள், கழியோடு படகுக்காரர். கத்திக் கூப்பிட்டேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பொறுத்திருந்தால் அவர்களே கரைக்கு வந்திருப்பார்கள். எனக்குப் பொறுமை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதலில் முழங்கால் அளவுதான். அப்புறம் சேறு காலைப் பிடித்தது. படகுக்காரர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நேராகப் போனேன். வராதே என்று சொல்லியிருக்கிறார். அடுத்த அடியில் கழுத்தளவு பள்ளம். உப்புத் தண்ணீரைக் குடித்து, வேரைப் பிடித்து ஏறி, படகின் விளிம்பைத் தொட்டபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"எதுக்குய்யா நீந்தி வர்ற? தண்ணி வடிஞ்சி படகு தரை தட்டிப்புடுச்சு. தண்ணி ஏறினதும் நாங்களே வந்திருப்பமில்ல" என்றார் படகுக்காரர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தத் திட்டக்குடிக்காரரையும் அவர் போட்டிருந்த என் சட்டையையும் பார்த்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்ததை மொத்தமாகக் கொட்டினேன். நான் ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்.

"நான் வெளிய வந்தப்ப இந்த ஒரு சட்டதான் கெடந்துச்சு தம்பி. ரொம்ப நேரம் தேடினேன். பொண்டாட்டி பொண்ணோட வெத்து ஒடம்பா வண்டியில போவ முடியுமா? அதான் மாட்டிக்கிட்டேன்."

அப்போதுதான் துணி வியாபாரியின் கேள்வி எனக்குப் புரிந்தது. முதலில் வெளியே வந்தவன் நான். புளியோதரைக்கு ஓடின அவசரத்தில் அவர் சட்டையை எடுத்துக்கொண்டவன் நான். பத்து மைலும் நான் திட்டியது என்னைத்தான்.

அவர் மனைவியின் மஞ்சள் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். வாழை இலையில் சுற்றி நூல் கட்டியிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"படகுல நனைஞ்சிடப் போவுதுன்னு இவ கையில குடுத்து வெச்சேன். நாளைக்குக் காலையில நாங்களும் கடலூருதான் போறோம். பொண்ணு படிச்சிச் சொன்ன அட்ரஸுல குடுத்துப்புடலாம்னு இருந்தோம்" என்றார். பிறகு, "என் சட்டையில ஒரு காயிதம் இருந்திச்சே?" என்றார்.

பையில் கைவிட்டேன். கையோடு வந்தது நீலமாக ஊறிய ஒரு கூழ். பிரித்தபோது கட்டங்களின் கோடுகூடத் தெரியவில்லை.

அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "திருவந்திபுரத்துல பெருமாள் காலடியில வெச்சு எடுத்தோம். இன்னிக்கு நடராசர்கிட்ட வெச்சோம். நாளைக்குப் பத்து மணிக்கு மாப்ள வூட்டுல கேப்பாங்க. எழுதுன ஜோசியரு திட்டக்குடியில இருக்காரு. போயி வர ஒரு நாளாவும். வெறுங்கையோட போனா, குடுக்க மனசில்லாம வந்திருக்காங்கன்னு சொல்லுவாங்க" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படகுக்காரர், "தண்ணி ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். ஓரத்துல இருக்கறது தில்லை, கெளய ஒடிச்சிடாதீங்க, பாலு கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்றார்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள். "காயிதம் இருந்தா குடுங்க. நான் சொல்றேன்."

"ஒனக்கு எப்பிடிடி தெரியும்?" என்றாள் அம்மாள்.

"ஏழு தடவ போயி ஏழு தடவ திரும்பி வந்திருக்கு. ஒவ்வொரு தடவயும் பிரிச்சிப் பார்த்துட்டு நான்தானே பொட்டியில வெக்கறேன்."

உலர்ந்த காகிதம் படகிலேயே ஒன்றுதான் இருந்தது. என் கடிதம். ஒரு தாளை இரண்டாய் மடித்து முதல் பாதியில் எழுதியிருந்தார்கள், மறுபாதி வெறுமையாக இருந்தது. அதைக் கிழித்தேன். பெண் கையெழுத்தில் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டில் சிரிப்பார்கள் என்றாள் அம்மாள். திட்டக்குடிக்காரருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். "எனக்கு நல்லா வரும்" என்று நான் பேனாவை உதறி எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

படகின் குறுக்குப் பலகையில் வைத்துக் கட்டம் போட்டேன். பிறந்த நாள், நட்சத்திரம், தசை இருப்பு எல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். துலா லக்னம். கடகத்தில் ராகு. மகரத்தில் கேது. நான் எழுத எழுதத் தலையை நீட்டிச் சரி பார்த்தாள்.

"ரிஷபத்துல செவ்வாய்" என்றாள்.

அம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "தம்பி, அத மட்டும் ஒரு கட்டம் தள்ளி மிதுனத்துல போட்டுடு."

எனக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் எட்டாம் இடத்துச் செவ்வாய் என்றால் பெண்ணைக் கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்று ஊரில் எல்லாரும் பேசுவார்கள். லக்னத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். ரிஷபம் எட்டு. ஏழு வீட்டுக்காரர்கள் எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்று விளங்கியது.

"யாருக்குத் தெரியப் போவுது? சாமியே தண்ணியில கரைச்சிப்புட்டாரு. ஒரு வழி காட்டத்தான் செஞ்சிருக்காரு" என்றாள் அம்மாள்.

பெண்ணின் அப்பா சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த கெடுதலுக்கு ஒரு நல்லது செய்தாற்போல ஆகும் என்று எனக்குத் தோன்றியது. பேனா முனை மிதுனத்துப் பக்கம் போய்விட்டது.

"ரிஷபம்" என்றாள் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல்.

"ஏண்டி, எட்டாவது தடவயும் திரும்பி வரணுமா?"

"வரட்டும். மாத்திக் குடுத்துட்டா, அப்புறம் அவுருக்கு ஒரு தலவலி வந்தாக்கூட நான்தானே ராவெல்லாம் பயந்துக்கிட்டுக் கெடக்கணும். நீயா வந்து கெடப்ப?"

ரிஷபத்தில் எழுதினேன். மீதியையும் அவள் சொல்லச் சொல்ல எழுதி முடித்தேன். மை உலரும்வரை அவள் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. நானும் படகுக்காரரும் இறங்கி, சேற்றில் கால் புதையத் தள்ளிப் படகை மிதக்க விட்டோம். கரையில் சட்டைகளை மாற்றிக்கொண்டோம். அவர் அந்த ஈரச் சட்டையை வாங்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். வண்டியில் இடம் இருக்கிறது, எங்களோடு வந்துவிடு, காலையில் சேர்ந்தே கடலூர் போகலாம் என்று கூப்பிட்டார். பின்னால் வருகிறேன் என்றேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குக் கூசியது. அவர்கள் போன பிறகு, படகுக்காரர் வீட்டில் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு வலை காயும் இடத்திலேயே படுத்துவிட்டேன்.

நான் ஒரே நாளில் யோக்கியனாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. விடியும் முன்பே எழுந்து கிள்ளை வரை நடந்தேன். பால் ஏற்றிப் போகும் லாரி ஒன்று புறப்பட நின்றது. ஏறியிருந்தால் எட்டு மணிக்குள் கடலூர் போய்ச் சேர்ந்திருக்கலாம். பாதியாய்க் கிழிந்த கடிதத்தைப் பிரித்து, பத்தாம் வகுப்பு என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கிடங்கில் யாராவது என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரிக்கும் ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். லாரி போய்விட்டது. எரிச்சலோடு திரும்பி நடந்தேன்.

படகுக்காரர் படகிலிருந்து தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

"சேத்துல நல்லாத்தான் நடக்கற. என்னா படிச்சிருக்க?"

"ஆறாவது. அதுவும் முடிக்கல."

"இதுக்கு அதுவே ஜாஸ்தி" என்று கழியை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் அமைந்ததா, எட்டாவது தடவையும் திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னைப் பற்றி எதையாவது ஒரு கட்டம் தள்ளிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு எழும்பும்போதெல்லாம், குரலை உயர்த்தாமல் "ரிஷபம்" என்று அவள் சொன்னது இன்றும் காதில் விழுந்து என்னை நிறுத்துகிறது.